பிக்கப்பின் உயரம்

அந்தப் பிக்கப்பை முதன்முதலில் பார்த்தபோது அதன் பின்கதவு என் நெஞ்சுக்கு நேரே நின்றது. நான் அப்படியொன்றும் கட்டையானவள் அல்ல. கிளிநொச்சியில் ஒரு வீட்டு முற்றத்தில் அது நின்றது. வெளிநாடு போக இருந்த ஓர் இளைஞன் அதை விற்றுக்கொண்டிருந்தான். தன் ஆசைக்காக அதை உயர்த்தி வைத்திருந்தான். பின் அச்சுக்கும் வில்லுத் தகடுகளுக்கும் இடையில் நாலு அங்குல இரும்புக் கட்டைகள் வைத்திருந்தான். முன்பக்கத்தில் ஸ்பிறிங்குக்குப் பதிலாக இருக்கும் முறுக்குக் கம்பிகளை முடிந்தமட்டும் இறுக்கிவிட்டிருந்தான். நாலு ரயரும் இருக்கவேண்டிய அளவைவிடப் பெரிது.

என் கணவர் கட்டாரில் வாகனம் ஓடுகிறார். கைபேசியில்தான் அவர் வண்டியைப் பார்த்தார்.

“முன்னுக்கு வந்து நில்லும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க் காட்டும்,” என்றார். நான் கைபேசியைப் பிடித்தபடி வேலிவரைக்கும் பின்னால் நடந்தேன்.

“நல்ல எடுப்பா நிக்குது. இதையே எடுப்பம்.”

“உயரம் கூடவெல்லே? பொம்பிளையள் எப்பிடி ஏறுறது?”

“உந்த ஒழுங்கையளுக்கு உயரந்தான் வேணும். மாரி வந்தால் உமக்கே விளங்கும்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. விசுவமடுவில் எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை மாரி மழையில் வாய்க்காலாகிவிடும். அதற்கும் மேலே, ஆறு வருடமாக அங்கே வெயிலில் கிடந்து உழைக்கிற மனுசன் தன் கண்ணுக்குப் பிடித்த ஒன்றைக் கேட்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கே வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்த காலத்தில் நான் வாகனம் ஓடப் பழகினேன். அந்த வேலை முடிந்தபின், தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப் போவதும் மாலையில் அவர்களையும் மூட்டைகளையும் ஏற்றி வருவதும் என் தொழிலாயிற்று. புதுக்குடியிருப்புக்கு அப்பால் மணற்பாங்கான காணிகளில் கச்சான், அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற காலம் அது. காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டு இறங்கி, ஒன்பது பெண்களை ஒவ்வொரு வீட்டுப் படலையாக நின்று ஏற்றிக்கொண்டு போவேன். பொழுதுபடும்போது திரும்புவோம். வீட்டுக்கு வந்து சமைத்து, மகளின் பள்ளிக்கூடக் கதையைப் பாதி காதில் வாங்கி, சாப்பிட்ட கோப்பையைக் கழுவுவதற்கு முன்பே கதிரையில் உறங்கிப்போன நாட்கள் பல.

அந்த ஒன்பது பேரில் மூத்தவர் ஓர் அக்கா. அறுபதுக்குக் கிட்ட வயது. அவருடைய தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றை விட்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். அக்கா இங்கே பிறக்காவிட்டாலும் இங்கேதான் வளர்ந்தார். ஆனாலும் அவருடைய பேச்சில் மலைநாடு கொஞ்சம் மிச்சம் இருந்தது. கச்சான் பிடுங்குவதில் அவரோடு போட்டி போட யாராலும் முடியாது. மற்றவர்கள் ஒரு வரிசை முடிக்கும்போது அவர் அடுத்த வரிசையில் பாதியில் நிற்பார். குனிந்தால் நிமிரமாட்டார்.

அவருக்கு இந்தப் பிக்கப்பில் ஏறுவதுதான் பாடாயிருந்தது.

முதல் நாளே ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்தேன். பிறகு பின்பக்கம் ஒரு படி ஒட்டுவித்துப் பார்த்தேன். அது இரண்டாம் நாளே வரம்பில் அடித்து வளைந்து, ரயரில் உரஞ்சியது. கழற்றி எறிந்துவிட்டு மறுபடியும் கதிரைக்கே வந்தேன். இளம் பெண்கள் கதிரையில் ஒரு காலை வைத்து, பின்கதவைப் பிடித்துத் தாவி ஏறிவிடுவார்கள். அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு முழங்காலை மேலே போட்டு, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து, பிறகு மற்றக் காலை இழுப்பார். யாராவது கை கொடுத்தால் வாங்கமாட்டார். “விடு, நான் ஏறிக்கிறேன்,” என்பார். ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறி இரண்டு தரம் இறங்கவேண்டும். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருப்பேன். முன் சீற்றில் என் பக்கத்தில் தண்ணீர்க் கானும் சாப்பாட்டுப் பையும் இருக்கும். அந்த இடத்தில் அவரை இருத்தலாம் என்ற யோசனை எனக்கு அப்போது வரவே இல்லை. பிறகு ஒருநாள் மகள் கேட்டபோதுதான் அது உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஒரு காலை, இரவு மழை பெய்து நிலம் சேறாகியிருந்தது. அக்கா கதிரையில் ஏறி நின்றபோது அதன் கால் ஒன்று சேற்றுக்குள் புதைந்து சரிந்தது. அவர் பின்கதவைப் பிடித்துத் தொங்கினார். மற்றவர்கள் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே தோல் நீளமாக உரஞ்சிப்போயிருந்தது. நான் இறங்கி ஓடினேன்.

“ஒண்ணுமில்ல தங்கச்சி. வண்டிய எடு, நேரமாவுது,” என்றார்.

அன்று முழுநாளும் வேலை செய்தார். அடுத்த இரண்டு நாளும் வந்தார். மூன்றாம் நாள் படலையில் ஆள் இல்லை. நாலாம் நாளும் இல்லை. ஐந்தாம் நாள் மாலை, மற்றவர்களை இறக்கிவிட்டு அவருடைய வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். தலைச்சுற்று என்றார். பிறகு, ஆட்டைப் பார்க்க ஆளில்லை என்றார். நான் அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். புறப்பட எழும்பியபோது என்னோடு படலைவரை வந்தார். பிக்கப்பின் பக்கத் தகட்டில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

“வேலைக்கு நான் பயப்படல தங்கச்சி. இதுல ஏறி இறங்கத்தான் முடியல. காலையில ஏறும்போதே சாயந்தரம் எறங்கணுமேன்னு நெனப்பு வந்துருது. ராவெல்லாம் அதே நெனப்பு.”

நான் வீட்டுக்கு வண்டியை ஓடும்போது வேறொன்றும் யோசிக்கவில்லை. இதைப் பதிக்கவேண்டும், உயரத்தைக் குறைக்கவேண்டும், அவ்வளவுதான்.

சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே ஓர் அரிசி ஆலைக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கிறார் ஒரு மெக்கானிக் அண்ணை. ஐம்பது வயது. இடுப்பு நோவுக்கு அகலமான பட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வார். கராஜில் அவர் தனி ஆள். மறுநாள் வேளையோடு திரும்பி வந்து அவரிடம் போனேன். வண்டிக்குக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“பின் கட்டையைக் கழட்டலாம் பிள்ளை. ஆனால் பின்னை மட்டும் பதிச்சால் மூக்கு மேலை நிக்கும். முன்னையும் சேத்துப் பதிக்கோணும்.”

“முன்னை இப்ப விடுங்கோ அண்ணை. பின்னாலைதானே பொம்பிளையள் ஏறுறது.”

“ஒரு நாள் மினக்கெட்டால் ரண்டையும் ஒண்டாச் செய்யலாம்.”

“நாளைக்கு வேலை இருக்கு. பின்னை மட்டும் செய்து தாங்கோ.”

வேலை இருந்தது உண்மை. ஆனால் அதுமட்டும் காரணம் இல்லை. என் கணவர் வெள்ளிக்கிழமைகளில் கைபேசியில் வரும்போதெல்லாம் பிக்கப்பைக் காட்டச் சொல்வார். எப்போதும் முன்பக்கத்தைத்தான் காட்டச் சொல்வார். முன்பக்கம் உயர்ந்து நின்றால் அவருக்குத் தெரியவராது. ஒரு சண்டை மிச்சம். அப்படித்தான் கணக்குப் போட்டேன். நாற்பத்திரண்டு வயதில், பிள்ளை பெற்றவள், இப்படி ஒளித்து விளையாடுகிறேனே என்று எனக்கே சிரிப்பாக இருந்தது. ஆனால் தொலைபேசியில் சண்டை பிடிக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை. நேரில் என்றால் கோபித்துவிட்டு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுக்கலாம். தொலைபேசியில் அவர் வைத்துவிட்டால் அடுத்த வெள்ளிவரை அந்தக் கசப்பைச் சுமக்கவேண்டும்.

அண்ணை அன்று பின்னேரமே கட்டைகளைக் கழற்றினார். அச்சையும் தகடுகளையும் சேர்த்துப் பிடிக்கிற நீண்ட போல்டுகளுக்குப் பதிலாகக் கட்டையான போல்டுகள் போட்டார். வண்டியின் பின்பக்கம் பதிந்துவிட்டது. பின்கதவு இப்போது என் வயிற்றுக்கு நேரே நின்றது. நான் நேராக அக்காவின் வீட்டுக்குப் போய்க் காட்டினேன். அவர் கதிரை இல்லாமலே, பின்கதவை இறக்கி அதில் குந்தியிருந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்துப் பார்த்தார். மறுநாள் காலை படலையில் நின்றார்.

போகும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. திரும்பும்போதுதான் தெரிந்தது. ஒன்பது பேர், பதினொரு மூட்டை கச்சான். எல்லாப் பாரமும் பின்னால். வண்டி பின்காலில் குந்தியதுபோல நின்றது. ஸ்ரியறிங் என் கையில் பஞ்சு மாதிரிச் சுழன்றது. முன் ரயர்கள் றோட்டைப் பட்டும் படாமலும் உருளுவதுபோல ஓர் உணர்வு. பொழுது பட்டு, இருள ஆரம்பித்த நேரம். லைற்றைப் போட்டேன். வெளிச்சம் றோட்டில் விழவில்லை. முன்னே நின்ற பனைகளின் உச்சி வட்டில் விழுந்தது. எதிரே வந்த பஸ் தன் லைற்றை அடித்து அடித்துக் காட்டியது. சாரதி தலையை வெளியே நீட்டி ஏதோ ஏசிக்கொண்டு போனார்.

மெல்லத்தான் ஓடினேன். எங்கள் பக்கத்தில் மாலையில் மாடுகள் றோட்டில்தான் படுக்கும். தாரின் சூட்டுக்கு வரும். பனைகளுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு போன எனக்கு அந்த மாடுகள் தெரியவில்லை. தெரிந்தபோது அவை இருபத்தைந்து அடிக்குள் இருந்தன. பிரேக்கை மிதித்தேன். முன் ரயர்கள் சறுக்கின. வண்டி வளைந்து, கரையில் இருந்த மணலில் ஏறி நின்றது. ஒரு மாடு எழும்பி என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்தது.

பின்னால் மூட்டைகள் முன்னுக்குச் சரிந்திருந்தன. ஒரு பெண்ணுக்கு உதடு வெடித்து இரத்தம் வந்தது. அக்காவின் தோளில் மூட்டை விழுந்திருந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. நான் கைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தேன். யாரும் என்னை ஏசவில்லை. உதடு வெடித்த பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்து, “நாங்கள் மிச்சத்தை நடந்து போறம் அக்கா. கிட்டத்தானே,” என்றாள். ஒன்பது பேரும் இறங்கி நடந்தார்கள். நான் மூட்டைகளோடு அவர்களுக்குப் பின்னால், ஆள் நடக்கிற வேகத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். அவர்களுடைய தலைக்கு மேலால் என் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் வேலை இல்லை என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, விடிந்ததும் கராஜுக்குப் போனேன். அண்ணை அப்போதுதான் வாயில் கதவைத் திறந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். ‘அண்டைக்கே சொன்னனான்’ என்று அவர் ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டுவிட்டு, “ஒருத்தருக்கும் ஒண்டுமில்லைத்தானே? அது போதும்,” என்று பட்டியை இறுக்கிக் கட்டினார்.

அன்று முழுநாளும் அங்கேதான் இருந்தேன். பிடிக்க ஆள் இல்லாததால் நானும் வேலை செய்தேன். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, சில்லுகளைத் தொங்கவிட்டு, முறுக்குக் கம்பியின் பின்முனையில் இருக்கும் போல்டைத் தளர்த்தவேண்டும். இறுக்கினால் வண்டி உயரும், தளர்த்தினால் பதியும். சொல்லச் சுலபம். இடப்பக்கத்துப் போல்ட் லேசாகச் சுழன்றது. வலப்பக்கத்துப் போல்ட் கறள் பிடித்து அசையவில்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். சூடு காட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, ஸ்பனருக்கு மேலே நீளக் குழாயைக் கொழுவி இருவருமாகத் தொங்கினோம். பதினொரு மணிக்குத்தான் அது ‘கிறீச்’ என்று ஒரு கால் சுற்று சுற்றியது. இரண்டு பேரும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டோம்.

பிறகு அளவு. ஜக்கை இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, அது தன் உயரத்துக்கு வந்து இருந்தபின், ரயரின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்புவரை நாடாவைப் பிடிக்கவேண்டும். இடப்பக்கம் ஒரு விரல் கூடுதல். மறுபடி ஜக். மறுபடி போல்ட். மறுபடி உருட்டல். இப்போது வலப்பக்கம் அரை விரல் கூடுதல். இப்படி எத்தனை தரம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அண்ணை ஒவ்வொரு தரமும் கீழே படுத்து எழும்பும்போது கையை நீட்டுவார், நான் இழுத்துவிடுவேன்.

இரண்டு பக்கமும் சமனானபின் இன்னொரு பிரச்சினை. பின்பக்கத்துக்கு ஏற்றபடி முன்பக்கத்தைப் பதித்ததில், கீழே முட்டுக்கு வைத்திருக்கும் றப்பரில் சில்லைத் தாங்குகிற இரும்புக் கை தொட்டுக்கொண்டு நின்றது. குழியில் விழுந்தால் நேரே சட்டத்தில் அடிக்கும்.

“பின் தகடுகள் கிழடு பிள்ளை. தொய்ஞ்சு போச்சு. கட்டை இல்லாமல் அது கனக்கப் பதிஞ்சிட்டுது,” என்றார். “வெறும் வண்டியா நிக்கேக்கை பின் ரண்டு விரல் உயர நிக்கோணும். சுமை ஏற சமனா வரும். பின்னுக்கு ஒண்டரை அங்குலக் கட்டை வைப்பம். முன்னை அதுக்கு ஏத்த மாதிரி ஏத்துவம்.”

“அப்ப பின்கதவு திரும்ப உயருமே?”

“கொஞ்சம் உயரும். உந்தப் பெரிய ரயருகளைக் கழட்டினால் அந்த உயரத்தைக் குறைச்சிடலாம். உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கோ.”

முன் ரயரின் உள்விளிம்பைத் தடவினேன். நூல் தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. முறுக்குக் கம்பியை அளவுக்கு மீறி இறுக்கினால் சில்லு சரிந்து நின்று, ஒரு பக்கத்தால் தேயுமாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது. இத்தனை நாள் அந்த ரயரில்தான் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

பின்னேரம் சாதாரண அளவு ரயர்கள் போட்டு, பக்கத்து ஆலையில் கேட்டு நெல் மூட்டைகளை ஏற்றிப் பார்த்தோம். சுமையோடு வண்டி நேராக நின்றது. சுவருக்கு எதிரே நிறுத்தி லைற்றின் அளவையும் சரிசெய்தார். நான் ஏறி ஸ்ரியறிங்கில் கையை வைத்தேன். அழுகை வந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. களைப்பு என்றுதான் நினைக்கிறேன். அண்ணை மற்றப் பக்கம் திரும்பி ஸ்பனர்களை அடுக்கினார்.

அடுத்த வெள்ளி என் கணவர் அழைத்தார். முன்பக்கத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

“என்ன, பதிஞ்சு நிக்குது? ரயருக்குக் காத்துப் போயிட்டுதோ?”

“இல்லை. நான்தான் பதிப்பிச்சனான்.”

சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா விழப் பார்த்தது, பின்னை மட்டும் பதித்தது, அவருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று முன்பக்கத்தை விட்டது, மாடுகள், உதடு வெடித்தது. அவருடைய அறையில் மற்றவர்களின் கதைச் சத்தம் கேட்டது.

“இஞ்ச இருக்கிறவங்களுக்கெல்லாம் படத்தைக் காட்டினனான்,” என்றார் கடைசியில். “என்ரை வண்டி எண்டு.”

“இப்பவும் உங்கடை வண்டிதான்.”

“நான் வந்து பாக்கிறன். திரும்ப உயத்தலாம்தானே?”

“ஓம். வாங்கோ. வந்து பாத்திட்டு என்னவெண்டாலும் செய்யுங்கோ.”

நான் கோபமாகச் சொல்லவில்லை. அவர் வந்தால் போதும் என்றுதான் இருந்தது.

அக்கா அந்தக் கச்சான் காலம் முழுவதும் வந்தார். பெரும்பாலும் பின்னால்தான் இருந்தார். முன் சீற்றுக்கு வாருங்கோ என்று நான் கேட்ட நாட்களில், “அங்க காத்து வராது,” என்பார். இரண்டு தரம் மட்டும் முன்னால் வந்தார். இரண்டு தரமும் உறங்கிவிட்டார். அவருக்காகத்தான் வண்டியைப் பதித்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கு இடுப்பு நோவு குறைந்திருந்தது. இன்னொருத்தி அப்போது மூன்று மாதம் கர்ப்பமாம். தினமும் பயந்து பயந்து தாவியிருக்கிறாள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்களும் பாவம்தானே,” என்றாள்.

அடுத்த கச்சான் காலத்துக்கு அக்கா வரவில்லை. முழங்கால் இரண்டும் மடங்க மறுத்துவிட்டன. வவுனியாவில் மகளோடு போய் இருக்கிறார். அவ்வளவு மினக்கெட்டதும் அவருக்கு ஒரு காலத்துக்குத்தான் பயன்பட்டது.

என் கணவர் போன வருடம் ஒரு மாத விடுமுறையில் வந்தார். வந்த இரண்டாம் நாளே வண்டியைக் கராஜுக்கு எடுத்துப் போனார். நானும் கூடப் போனேன்.

“முன்னை ரண்டு விரல் ஏத்தலாமோ?” என்று கேட்டார்.

மெக்கானிக் அண்ணை நாடாவை எடுத்து அவருடைய கையில் கொடுத்தார். “ஏத்தலாம். முதல் நீங்கள் ஒருக்கா அளந்து பாருங்கோ. பிறகு பழைய ரயர் அந்த மூலையிலை கிடக்கு, அதையும் பாருங்கோ.”

அவர் நாலு சில்லிலும் அளந்தார். மூலைக்குப் போய்க் குந்தியிருந்து பழைய ரயரின் உள்விளிம்பை விரலால் தடவினார். அவர் தொழிலே வாகனம் ஓடுவது. அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எழும்பி வந்து நாடாவைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, “சரி, இருக்கட்டும்,” என்றார்.

மறுநாள் காலை, தானே ஓடுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்தேன். படலை படலையாக நின்று பெண்களை ஏற்றி, புதுக்குடியிருப்பு தாண்டிப் போய் இறக்கி, வெயிலில் காத்திருந்து, மாலையில் மூட்டைகளை ஏற்றி, ஒவ்வொருவரையும் வீட்டில் இறக்கி, நாங்கள் வீட்டுக்கு வர ஏழு மணியாயிற்று. கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்து விறாந்தையில் பாயை விரித்துப் படுத்தார்.

“ஒவ்வொரு நாளும் இப்பிடித்தானோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“நாளைக்கு நீரே வண்டியை ஓடும்,” என்றவர் சாப்பாட்டுக்குக் காத்திருக்காமல் உறங்கிப்போனார். நான் குசினிக்குள் போய் உலையை வைத்துவிட்டு, காலைக்கு டீசல் போதுமா என்று பார்க்க வெளியே போனேன்.